புதிய காரும் பழைய பழக்கமும்



அண்மையில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் வாசலில் புத்தம் புதிய கார் ஒன்று வந்து நின்றது. பூசாரி நான்கு சக்கரங்களுக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். பூசணிக்காய் சுற்றி உடைத்தார். கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும் இட்டார். காரின் சொந்தக்காரர் செம்பனைக் குலை ஏற்றும் லோரியை ஓட்டுபவர். அவருடைய மகள் எங்கள் பள்ளியில் ஐந்தாம் ஆண்டில் படிக்கிறாள். மனிதருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "டீச்சர், ஏறுங்க. ஆபீஸ் வரைக்கும் ஒரு சுத்து போய்ட்டு வந்துடலாம்" என்று அழைத்தார். நாங்களும் ஏறிக்கொண்டோம்.

வண்டி நகர்ந்தது. அவர் பாதுகாப்பு வார் அணியவில்லை. இந்தக் காலத்துக் கார்களில் வார் அணியாமல் ஓட்டினால் மணி அடித்துக்கொண்டே இருக்குமே, இதில் ஏன் அடிக்கவில்லை என்று எட்டிப் பார்த்தோம். வாரைச் செருக வேண்டிய இடத்தில் வெறும் இரும்பு நாக்கு ஒன்று செருகப்பட்டிருந்தது. "அது ஓயாம கத்திக்கிட்டே இருக்கு டீச்சர். கடையில அஞ்சாறு வெள்ளிக்கு இது கிடைச்சது. மாட்டிட்டேன், இப்ப சத்தமே இல்ல" என்று அவர் பெருமையோடு சொன்னார்.

பல ஆயிரம் ரிங்கிட் கடன்பட்டு ஒரு காரை வாங்குகிறோம். அந்தக் கார் நம் உயிரைக் காக்க வாய் திறந்து பேசுகிறது. ஐந்தாறு ரிங்கிட் செலவழித்து அதன் வாயை அடைத்துவிடுகிறோம். இன்றைய உரைக்குப் பொருள் இதுதான். புதிய கார்களை ஓட்டிப் பார்த்ததிலும், அவற்றோடு தோட்டத்தில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து பார்த்ததிலும் நாங்கள் அறிந்துகொண்ட சிலவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

பாடநூலில் நாங்கள் பிள்ளைகளுக்கு 'மகிழுந்து' என்று கற்றுக்கொடுக்கிறோம். வகுப்பை விட்டு வெளியே வந்ததும் எல்லாருக்கும் அது 'காடி'தான். எங்கள் இளமைக் காலத்தில் தோட்டத்தில் காடி வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். துரை ஒருவர், பெரிய கிராணி ஒருவர், கடைக்காரர் ஒருவர். மற்றவர்களுக்குச் சைக்கிள், கொஞ்சம் வசதி வந்தால் மோட்டார் சைக்கிள். பட்டணத்துக்குப் போக வேண்டுமானால் பஸ்.

1985ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் புரோட்டோன் சாகா வெளிவந்தது. ஜப்பானிய மிட்சுபிஷி நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு ஷா ஆலாமில் செய்யப்பட்ட முதல் தேசியக் கார் அது. சாகா என்பது நம் வீட்டுப் பிள்ளைகள் பொறுக்கி விளையாடும் சிவப்பு விதையின் பெயர். எங்கள் தோட்டத்துக்கு முதல் சாகா வந்த அன்று, பள்ளி விட்டதும் பிள்ளைகள் எல்லாரும் அதன் பின்னாலேயே ஓடினோம். செம்மண் புழுதி முகத்தில் அப்பியது நன்றாக நினைவிருக்கிறது.

பிறகு 1994இல் பெரோடுவா நிறுவனத்தின் கஞ்சில் வந்தது. கஞ்சில் என்றால் சருகுமான். மலாய்க் கதைகளில் புலியையும் முதலையையும் ஏமாற்றித் தப்பிக்கும் அதே சருகுமான்தான். பெயருக்கு ஏற்ற உருவம். 660 சிசி இயந்திரம். தோட்டத்துக் குடும்பங்களுக்குக் கார் எட்டும் பொருளானது பெரும்பாலும் இந்தச் சிறு வண்டியால்தான் எனலாம். 2005இல் மைவி வந்தது. 2009இல் கஞ்சில் உற்பத்தி நின்றது. 2014இல் ஆக்சியா வந்தது. 2024 டிசம்பரில் புரோட்டோன் தன் முதல் மின்சாரக் காரையும் வெளியிட்டது. சாகா விதை பொறுக்கிய தலைமுறை ஒரே வாழ்நாளில் இத்தனையையும் பார்த்துவிட்டது.

கார் வாங்குவது தோட்டத்தில் ஆடம்பரமா என்று சிலர் கேட்பார்கள். பட்டணத்தில் இருப்பவர்கள் அப்படிக் கேட்கலாம். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, ஆட்கள் குறைந்து, லயங்கள் பாதி காலியான பிறகு, எங்கள் பக்கத்தில் பஸ் வருவது அருகிப் போயிற்று. பின்னர் அடியோடு நின்றது. இரவில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் கோலப்பிலா மருத்துவமனைக்குப் போக வண்டி வேண்டும். மழையில் மோட்டார் சைக்கிளில் தகப்பன் முன்னே, தாய் பின்னே, நடுவில் பிள்ளை என்று போகும் காட்சியை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். இந்நாட்டில் சாலை விபத்தில் இறப்போரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். ஆகவே தோட்டத்துக் குடும்பம் ஒன்று கார் வாங்கினால் அது தலைக்கு மேல் ஒரு கூரை போட்டுக்கொள்வது போலத்தான்.

நாங்கள் பயிற்சிக் கல்லூரியை முடித்து, பகாவ் வட்டாரத்துத் தோட்டப் பள்ளி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, 2004இல் பழைய கஞ்சில் ஒன்றை வாங்கினோம். பதினான்கு ஆண்டுகள் அது எங்களோடு உழைத்தது. 2018இல் புதிய கார் ஒன்று வாங்கினோம். வானொலியில் விளம்பரம் செய்வது முறையன்று. ஆகவே அதன் பெயரைச் சொல்லவில்லை. உள்நாட்டில் செய்த ஐந்து கதவுச் சிறு கார், தானியங்கிக் கியர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு முதலில் தெரிந்தது புக்கிட் புத்துசில். பகாவிலிருந்து கோலப்பிலா வழியாகச் சிரம்பானுக்குப் போகிறவர்களுக்கு அந்த மலைச்சாலையைத் தெரியாமல் இருக்காது. வளைந்து வளைந்து ஏறும் பழைய சாலையில் எங்கள் கஞ்சில் மூச்சு வாங்கும். குளிர்சாதனத்தை அணைத்துவிட்டு, இரண்டாம் கியரில் போட்டு, "ஏறுடி கண்ணு" என்று கெஞ்சிக்கொண்டே ஏறுவோம். பின்னால் லோரிகள் வரிசை கட்டி நிற்கும். பிற்காலத்தில் மலையைக் கடக்க அகலமான புதிய சாலை வந்தது. புதிய காரில் அந்தச் சாலையில் போகும்போது ஏறுகிறோம் என்ற உணர்வே இல்லை. பேசிக்கொண்டே போகிறோம், மேட்டின் உச்சி வந்துவிடுகிறது.

ஆனால் இந்த எளிமையில்தான் ஓர் ஆபத்து இருக்கிறது. பழைய வண்டி வேகமாகப் போனால் ஆடும், அலறும். மணிக்கு 90 கிலோ மீட்டர் போனால் பறப்பது போல் இருக்கும். நாமே பயந்து காலை எடுத்துவிடுவோம். புதிய வண்டியில் 110 போனாலும் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருப்பது போல் இருக்கிறது. வேகம் குறையவில்லை, வேகத்தின் சத்தம்தான் குறைந்திருக்கிறது. இறங்கும்போதும் அப்படியே. தானியங்கிக் கியர் தானே எல்லாம் செய்யும் என்று நம்பி, மலை முழுவதும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குகிறவர்கள் பலர். பிரேக் சூடேறினால் பிடி தளரும். கருகிய வாசனை வந்தால் அது எச்சரிக்கை. தானியங்கி வண்டியிலும் இறக்கத்துக்குத் தாழ்ந்த கியர் இருக்கிறது. கைப்பிடிக்கு அருகில் எல் அல்லது எஸ் அல்லது பி என்று எழுதியிருக்கும். அது எதற்கு என்று கையேட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்வது நல்லது.

ஏபிஎஸ் பிரேக்கைப் பற்றியும் ஒரு சொல். சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் இருக்க, இந்தக் கருவி பிரேக்கை நொடிக்குப் பல முறை பிடித்துப் பிடித்து விடும். அப்போது காலுக்கடியில் பெடல் அதிரும், கடகடவென்று ஒலிக்கும். ஒருநாள் மழையில் மாடு குறுக்கே வந்தபோது எங்களுக்கு அப்படி நேர்ந்தது. என்னவோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுக்கப் பார்த்தோம். எடுக்கக் கூடாது. அழுத்திய காலை அழுத்தியபடியே வைத்துக்கொண்டு, சுக்கானைத் திருப்பி விலகிப் போக வேண்டும். அதற்காகத்தான் அந்தக் கருவியே இருக்கிறது.

இனி, காரோடு குடித்தனம் நடத்துவதைப் பார்ப்போம். விற்பனையாளர் காட்டும் வழவழப்பான தாளில் கார் கடலோரத்தில் நிற்கும். எங்கள் கார் நிற்பது செம்பனை மரத்தடியில். முதல் மழைக்காலத்திலேயே பின்புறக் கேமரா முழுக்கச் செம்மண் அப்பிக்கொண்டது. திரையில் தெரிந்ததெல்லாம் சிவப்புதான். பின்னால் ஒலிக்கும் உணர்கருவி, லாலான் புல் உரசினாலும் தூண் வந்துவிட்டதாகக் கூவும். இறங்கிப் போய்ப் பின்னால் பார்த்துவிட்டு வண்டி எடுக்கும் பழைய வழக்கத்துக்குத் திரும்பினோம். லயத்து வாசலில் தவழும் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் அந்த வழக்கம்தான் சரி. துணியால் கேமராவைத் துடைக்க அரை நிமிடம் போதும், அதையும் செய்கிறோம்.

இரண்டாம் ஆண்டில் குளிர்சாதனக் காற்று வரவரக் குறைந்தது. எரிவாயு தீர்ந்துவிட்டது என்று எண்ணி, நூறு இருநூறு செலவாகும் என்று கவலைப்பட்டோம். பட்டறைக்காரர் முன்பெட்டியைக் கழற்றி ஒரு சிறிய வடிகட்டியை உருவிக் காட்டினார். செங்கல் போல் செம்மண் படிந்திருந்தது. அதை மாற்றியதும் சரியாயிற்று. தோட்டத்துச் சாலையில் ஓடும் வண்டிக்கு, கையேட்டில் போட்டிருக்கும் காலத்துக்கு முன்பாகவே வடிகட்டிகளைப் பார்ப்பது நலம்.

அடுத்து எலி. செம்பனைத் தோட்டத்தில் எலிக்குக் குறைவில்லை. அதைப் பிடிக்க ஆந்தைகளுக்குக் கூடு கட்டி வைத்திருக்கும் தோட்டங்களும் உண்டு. அந்த எலி, ஓடி நின்ற காரின் இயந்திரச் சூட்டைத் தேடி உள்ளே புகுந்துவிடுகிறது. பழைய கஞ்சிலில் கடிக்க அதிகமாக ஒன்றும் இல்லை. புதிய காரில் மூலைக்கு மூலை கம்பிகள். ஒரு காலை, பள்ளிக்குப் புறப்படும் நேரத்தில் விளக்குகள் எல்லாம் மின்னின, வண்டி கிளம்பவில்லை. திறந்து பார்த்தால் தலைமுடி அளவு மெல்லிய கம்பி ஒன்று துண்டாகிக் கிடந்தது. அன்றிலிருந்து வாரத்துக்கு இரண்டு முறையாவது முன்மூடியைத் திறந்து பார்க்கிறோம். காருக்குள் உணவுப் பொருளை விட்டு வைப்பதில்லை.

டயரை எப்படி மறக்க முடியும்? சில புதிய கார்களில் முழு அளவு மாற்று டயர் இருப்பதில்லை. மெலிந்த தற்காலிக டயரோ, ஓட்டையை அடைக்கும் மருந்துப் புட்டியோதான் இருக்கும். வாங்குவதற்கு முன்பே பின்பெட்டியின் அடிப்பலகையைத் தூக்கிப் பாருங்கள். தற்காலிக டயரில் 80 கிலோ மீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். ஓடுகிற டயரின் பள்ளக்கோடுகளுக்குள் சிறு சிறு மேடுகள் இருக்கும். தேய்ந்து தேய்ந்து டயரின் மேற்பரப்பு அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால், பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லி மீட்டர்தான் மிச்சம் என்று பொருள். அதற்கு மேல் மழையில் ஓட்டுவது சோப்பு நுரையில் ஓட்டுவதற்குச் சமம்.

எண்ணெய்ச் செலவைப் பலரும் கேட்கிறார்கள். திரையில் காட்டும் கணக்கை நம்பாமல், நாமே போட்டுப் பார்க்கலாம். தொட்டியை நிரப்புங்கள், ஓடிய தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடித்தது என்று பாருங்கள். 412 கிலோ மீட்டர் ஓடி 25.75 லிட்டர் பிடித்தால், வகுத்துப் பார்க்க லிட்டருக்கு 16 கிலோ மீட்டர் வரும். ஒரு மாதம் இந்தக் கணக்கு திடீரென்று இறங்கினால், டயரில் காற்று குறைவா, வடிகட்டி அடைத்திருக்கிறதா என்று தேட வேண்டும். வீட்டில் நான்காம் ஆண்டில் படிக்கும் பிள்ளை இருந்தால் இந்த வேலையை அதனிடம் கொடுத்துவிடுங்கள். வகுத்தல் நன்றாகப் படியும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அது கொஞ்சம் கசக்கும். 40,000 ரிங்கிட் கடன் என்று வைத்துக்கொள்வோம். கார்க் கடனில் நெடுங்காலம் பரவலாக இருந்த முறைப்படி, தொடக்கத்தில் வாங்கிய முழுத் தொகைக்கும் ஆண்டுதோறும் வட்டி போடப்படும். விகிதம் 3.5 விழுக்காடு என்றால் ஆண்டுக்கு 1,400 ரிங்கிட். ஐந்து ஆண்டில் கட்டினால் வட்டி 7,000. மாதம் ஏறத்தாழ 783 ரிங்கிட். ஒன்பது ஆண்டு என்றால் வட்டி 12,600. மாதம் ஏறத்தாழ 487 ரிங்கிட். மாதத் தவணை சிறியதாகத் தெரிகிறது. கையெழுத்துப் போட மனம் துணிகிறது. ஆனால் 5,600 ரிங்கிட் கூடுதலாகப் போகிறது. காரணம் என்ன? நாம் ஏற்கெனவே திருப்பிக் கட்டிவிட்ட பணத்துக்கும் கடைசி ஆண்டு வரை வட்டி கட்டுகிறோம். ஆகவே "மாதம் எவ்வளவு?" என்று மட்டும் கேட்காதீர்கள். "மொத்தம் எவ்வளவு? வட்டி எந்த முறையில்?" என்று கேளுங்கள்.

1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி, கடைசித் தவணை கட்டும் வரை காரின் உரிமை கடன் கொடுத்தவரிடமே இருக்கும். அதே சட்டம் நம்மையும் காக்கிறது. முறையான எழுத்து அறிவிப்பு இல்லாமல் காரை இழுத்துச் செல்ல முடியாது. விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டியிருந்தால் நீதிமன்ற உத்தரவும் வேண்டும். தவணை தவறப் போகிறது என்று தெரிந்தால் ஒளிந்துகொள்ளாமல் முன்கூட்டியே போய்ப் பேசுவது மேல். இன்னொன்று: மச்சானுக்கு, கூட்டாளிக்கு என்று நம் பெயரில் கார் எடுத்துக் கொடுக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. கார் அவரிடம் ஓடும். கடிதம் நமக்கு வரும். உறவும் போகும், பெயரும் போகும்.

நேயர்களே, இதுவரை சொன்னதெல்லாம் பணத்தோடு முடிகிற விஷயம். இனிச் சொல்லப்போவது அப்படியன்று. சொல்ல எங்களுக்குத் தயக்கமாகவும் இருக்கிறது.

2008ஆம் ஆண்டு. பகாவில் மாணவர்களுக்குக் கதை சொல்லும் போட்டி. பள்ளியில் வேறு வண்டி இல்லை. எங்கள் கஞ்சிலில் ஏழு பிள்ளைகளை ஏற்றினோம். முன்னால் இருவர், பின்னால் ஐவர். சின்னவர்கள் பெரியவர்களின் மடியில். யாருக்கும் வார் இல்லை. பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டே வந்தார்கள். எல்லாருமே அப்படித்தான் ஏற்றிச் சென்றோம். அதைச் சேவை என்றே நினைத்தோம். திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. தோட்டத்துச் செம்மண் சாலையில் மதகுக்கு அருகே ஒரு வளைவு. டயர் தேய்ந்திருந்தது, அடுத்த மாதச் சம்பளத்தில் மாற்றலாம் என்று தள்ளிப் போட்டிருந்தோம். வண்டி வழுக்கி, முன்சக்கரம் காண்டாவில் இறங்கி நின்றது. வேகம் 30 கிலோ மீட்டருக்கு மேல் இருக்காது. வண்டிமேல் குற்றம் இல்லை. குற்றம் ஓட்டியவர்கள் மேல்தான்.

முன்னிருக்கையில் அக்காளின் மடியில் அமர்ந்திருந்த மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி, பலகையில் மோதினாள். நெற்றி பிளந்தது. அன்றைக்கு அவள்தான் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கியவள். பரிசுக் கிண்ணத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததால் கை ஊன்றவும் முடியவில்லை. மருத்துவமனையில் ஆறு தையல் போட்டார்கள். அவளுடைய தாயார் வேலைக்காட்டிலிருந்து, மாற்றுடை கூட உடுத்தாமல் ஓடி வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்து நின்றோம். அவர் எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க கூட்டிக்கிட்டுப் போகலன்னா எம்புள்ள எங்க டீச்சர் மேடை ஏறப் போவுது?" என்று சொன்னார். திட்டியிருந்தால் எங்களுக்கு எளிதாக இருந்திருக்கும். அந்த நம்பிக்கைக்கு நாங்கள் செய்தது என்ன என்று இன்றுவரை நினைத்துப் பார்க்கிறோம்.

முன்னிருக்கையில் வார் அணிய வேண்டும் என்ற சட்டம் நம் நாட்டில் 1979இலேயே வந்துவிட்டது. பின்னிருக்கைக்கும் கட்டாயமானது 2009 ஜனவரி முதல் நாள். சிறு பிள்ளைகளுக்குத் தனி இருக்கை வேண்டும் என்பது 2020 ஜனவரி முதல் நாள். சட்டத்தைக் காவலருக்குப் பயந்து மட்டும் பின்பற்றுவதானால் தோட்டத்துக்குள் தேவையில்லை. அங்கே காவலர் வருவதில்லை. ஏன் தேவை என்பதைக் கணக்கில் பார்ப்போம்.

30 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் கார் மோதி நின்றால், உள்ளே வார் இல்லாமல் இருப்பவர் அதே வேகத்தில் முன்னே போய் மோதுகிறார். அது ஏறத்தாழ மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழுவதற்குச் சமம். லயத்துக் கூரையிலிருந்து விழுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகம் 60 ஆனால் உயரம் இரண்டு மடங்கன்று, நான்கு மடங்கு. அதாவது 14 மீட்டர். தென்னை மரத்தின் உச்சியிலிருந்து விழுவது. மடியில் இருக்கும் பிள்ளையை இறுகப் பிடித்துக்கொள்வேன் என்று தாய்மார்கள் சொல்கிறார்கள். தென்னை உச்சியிலிருந்து விழும் பிள்ளையை யாரால் கையால் பிடித்து நிறுத்த முடியும்?

புதிய காரில் காற்றுப்பை இருக்கிறதே என்று கேட்கலாம். நல்ல கேள்வி. காற்றுப்பை கண் இமைக்கும் நேரத்துக்குள் வெடித்து விரிகிறது. வார் நம்மை இருக்கையோடு பிடித்து நிறுத்தும். பை வந்து தலையைத் தாங்கும். இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்யும். வார் இல்லாமல் முன்னே பாய்கிறவரை, விரிந்து வரும் பை அறைகிறது. முன்னிருக்கையில் மடியில் பிள்ளை இருந்தால், அந்த அறை பிள்ளையின் மேல் விழும்.

நட்சத்திரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2011இல் தொடங்கிய ஆசியான் என்கேப் என்னும் அமைப்பு, நம் வட்டாரத்துப் புதிய கார்களை மோதச் செய்து சோதித்து நட்சத்திரம் வழங்குகிறது. 2017இல் வந்த மைவி ஐந்து நட்சத்திரம் பெற்றது. கஞ்சில் காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். நம்மைப் போன்ற குடும்பங்கள் வாங்கும் விலையில் அந்தப் பாதுகாப்பு வந்திருப்பது பெருமைப்பட வேண்டிய செய்தி. ஆனால் அந்தச் சோதனையில் உட்கார வைக்கப்படும் மனிதப் பொம்மைகள் வார் அணிந்திருக்கும். குழந்தைப் பொம்மைகள் குழந்தை இருக்கையில் கட்டப்பட்டிருக்கும். அந்த ஐந்து நட்சத்திரமும் வார் அணிந்தவர்களுக்கு உரியது. இரும்பு நாக்கைச் செருகிவிட்டு ஓட்டுகிறவருக்கு அதில் ஒரு நட்சத்திரமும் சொந்தமில்லை.

குழந்தை இருக்கைக்குப் பணம் எங்கே என்று கேட்பீர்கள். விபத்தில் சிக்காத பழைய இருக்கையை உறவினரிடம் கேட்டு வாங்கலாம். பிள்ளை வளர்ந்தபின் அடுத்த வீட்டுக்குக் கொடுக்கலாம். தொட்டிலைக் கைமாற்றிக்கொள்ளும் நமக்கு இது புதிதா? புதிய காருக்கு மாலை, பூசை, விருந்து என்று செலவிடும் தொகையில் ஒரு பகுதியை முதலில் இதற்கு ஒதுக்கினால் போதும்.

2018க்குப் பிறகு எங்கள் காரில் பிள்ளைகளை ஏற்றினால், எத்தனை வார் உண்டோ அத்தனை பேர்தான். மிச்சம் இருப்பவர்களுக்காக இரண்டாம் முறை போய் வருகிறோம். நேரம் பிடிக்கிறது, எண்ணெய் செலவாகிறது. ஒருமுறை போட்டிக்குத் தாமதமாகப் போய், நடுவர்களிடம் மன்னிப்பும் கேட்டோம். பரவாயில்லை.

கோயில் வாசலில் கண்ட அந்த அன்பரிடம் அன்றைக்கு நாங்கள் வாதிடவில்லை. சந்தனம் காயாத வண்டிக்குள் இருந்துகொண்டு எப்படிச் சொல்வது? அடுத்த வாரம் ஐந்தாம் ஆண்டு வகுப்பில், லயத்துக் கூரைக் கணக்கையும் தென்னை மரக் கணக்கையும் கரும்பலகையில் போட்டோம். யாரையும் பெயர் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து அவருடைய மகள் எங்களிடம் வந்தாள். "அப்பாகிட்ட சொன்னேன் டீச்சர். சிரிச்சாரு. அந்த இரும்ப இன்னும் எடுக்கல. ஆனா நான் பெல்ட் போட்டுட்டுத்தான் உக்காருறேன். தம்பிக்கும் நானே மாட்டி விடுறேன்" என்றாள்.

பிள்ளை தொடங்கிவிட்டாள். தகப்பனார் இன்னும் தொடங்கவில்லை. இந்த உரையை அவர் கேட்டுக்கொண்டிருந்தால், தயவுசெய்து அந்த இரும்பு நாக்கை இன்றைக்கே கழற்றிவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். மணி அடிக்கட்டும். அந்த வண்டி வாங்கியது முதல் உங்களிடம் சொல்ல விரும்பும் முக்கியமான செய்தி அதுதான்.